செல்லும் செல்லாததும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போனைப் பற்றியவை. ஒரு கடிதம் போனில் எடுத்த படமாகவே வந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. அந்த வாசகர் மட்டும் கேமராவைத் துடைத்துவிட்டு மறுபடி அனுப்பவும்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், திண்டிவனம்:
மகனுக்கு 20,000 ரூபாய்க்குள் போன் வாங்க வேண்டும். எது நல்ல போன்? சுருக்கமாகச் சொல்லவும்.

மணி அடிக்கிற போன்.

கிண்டல் இல்லை, ஐயா. கடைக்குள் நுழைந்ததும் முதலில் போனைக் காட்டுவார்கள், அப்புறம் சிம், பில் போட்டபின் போகிற போக்கில் பிளான். நீங்கள் தலைகீழாக வாங்குங்கள். முதலில் உங்கள் வீட்டுக்குள் எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்கிறது, அடுத்து பிளான், கடைசியில்தான் போன். 40,000 ரூபாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று "ஹலோ… கேக்குதா… ஹலோ" என்று கத்துகிறவர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

திரையின் மேலே நிற்கும் கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதைப் போனைத் தயாரித்தவரே முடிவு செய்கிறார். தன் போனுக்குக் கோடு போடுவதில் அவர் ஏன் கஞ்சத்தனம் காட்டப்போகிறார்? பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் டி.பி.எம். என்ற அளவில் ஒரு மைனஸ் எண் இருக்கும். 4ஜியில் அது -80, -90 என்றால் நிம்மதியாகப் பேசலாம். -110ஐத் தாண்டினால் நீங்கள் பேசுவதில் பாதி போய்ச் சேராது.

ஜியோ, ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். என நான்கும் வைத்திருக்கிற சொந்தக்காரர்களாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். இலை எடுத்ததும் நாலு போனையும் வாங்கிக்கொண்டு, மகன் படுக்கிற அறையில் கதவைச் சாத்தி ஒரு தடவை, சமையலறையில் ஒரு தடவை அந்த எண்ணைப் பாருங்கள். கம்பெனிகளின் வலைத்தளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் தெருவரை வரும். சுவரைத் தாண்டி உள்ளே வராது.

மளிகைக் கடைக்காரர், பெரம்பலூர்:
மாதத்துக்கு 30 நாள். வாடகை 30 நாளைக்கு. ரீசார்ஜ் மட்டும் 28 நாளில் தீர்ந்துபோகிறது. இவர்கள் காலண்டர் பிப்ரவரியோடு நின்றுவிட்டதா?

365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். 13 வரும், ஒரு நாள் மிஞ்சும். 300 ரூபாய் பிளான் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 12 தடவை என்று நினைத்து நீங்கள் 3,600 ரூபாய் எடுத்து வைக்கிறீர்கள். கையை விட்டுப் போவது 3,900. காலண்டரில் இல்லாத பதின்மூன்றாவது மாதத்துக்கும் நாம் வாடகை கட்டுகிறோம்.

30 நாள் பிளான் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள். ஆப்பில் எங்கே என்கிறீர்களா? லாபம் குறைந்த சரக்கை உங்கள் கடையில் எந்த அலமாரியில் வைப்பீர்களோ, அந்த அலமாரியில்.

பிளானின் விலையைப் பார்க்காமல், விலையை நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 300 ரூபாய் 28 நாளைக்கு என்றால் தினம் 10 ரூபாய் 71 காசு. அதே 300 ரூபாய் 30 நாளைக்கு என்றால் 10 ரூபாய். இதைச் செய்தால் 84 நாள் பிளானும் 365 நாள் பிளானும் ஏன் கண்ணடிக்கின்றன என்பது புரியும். வருடப் பிளானில் நாள் விலை குறைவாகவே இருக்கும். ஆனால் நடுவில் சிக்னல் கெட்டுப்போய் வேறு கம்பெனிக்கு மாறினால் மிச்சப் பணம் திரும்பாது. ஒரே இடத்தில் கடை வைத்து, அங்கே சிக்னலும் கெட்டியாக இருக்கிறவருக்கு வருடப் பிளான் சரி. ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர் 84 நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தினம் 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று கொடுப்பதில் மிஞ்சியது பெரும்பாலான பிளான்களில் நள்ளிரவோடு போச்சு. செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பகுதியில் போன மாதம் நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று இருக்கிறது. அதை 30ஆல் வகுத்துவிட்டு அப்புறம் பிளான் தேடுங்கள். வீட்டிலும் கடையிலும் வைஃபை இருக்கிறவருக்கு வருகிற எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் கோபமும் வரும்.

பெயர் வேண்டாம் என்ற மருமகள், சங்கரன்கோவில்:
மாமியார் என் போனை எடுத்து வாட்ஸ்அப் பார்க்கிறார். அவருக்குத் தனியாக ஒன்று வாங்கலாமா?

இந்தக் கடிதம் அச்சாவதற்குள் வாங்கிவிடுங்கள். ஸ்டோரேஜ் 128 ஜி.பி.க்குக் குறையாமல் இருக்கட்டும். "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூக்களுக்கே பாதி போய்விடும். கையில் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். உங்கள் போனின் பூட்டு எண்ணை மாற்ற மறக்க வேண்டாம்.

வாசகி, தேனி:
அப்பாவுக்கு 82 வயது. பட்டன் போன். "எனக்கு எதுக்கும்மா நெட்டு" என்கிறார். எந்த ரீசார்ஜ் போட்டாலும் டேட்டாவையும் சேர்த்தே தலையில் கட்டுகிறார்கள்.

உங்கள் அப்பா கேட்டதையேதான் டிராயும் கேட்டது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.க்கும் மட்டுமான ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும், அதன் கெடு 365 நாள் வரை நீளலாம் என்று 2024 டிசம்பரில் விதியைத் திருத்தினார்கள். 2025 ஜனவரியில் தனியார் கம்பெனிகள் அந்த பிளான்களைக் கொண்டுவந்தன. ரீசார்ஜ் கடையில் "அப்பாவுக்கு ஒரு பிளான்" என்று கேட்டால் தினம் 2 ஜி.பி.யைத்தான் நீட்டுவார்கள். "வாய்ஸ் ஒன்லி, டேட்டா வேண்டாம்" என்று கேளுங்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கக் கேளுங்கள்.

போனையும் மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலையே செய்யாது. ஒரே கம்பெனிக்கென்று பூட்டாத 4ஜி பட்டன் போனாக வாங்கிவிட்டால் எந்த சிம்மையும் போடலாம், குரலும் தெளிவாக வரும். 5 அல்லது 9 என்ற பட்டனை அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போகும் வசதி பட்டன் போன்களில் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. கடையிலேயே எந்தப் பட்டன் என்று கேட்டு அவருக்குக் காட்டிவிடுங்கள்.

வாங்கும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். நீங்கள் அழுத்திப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. அவர் கட்டைவிரலால், கண்ணாடி போடாமல், உங்கள் நம்பரை ஒரு தடவை அடிக்கட்டும். பக்கத்து எண் விழுந்தால் அந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பட்டதாரி மாணவர், கும்பகோணம்:
108 மெகாபிக்சல் கேமரா என்றால் 12 மெகாபிக்சலைவிட ஒன்பது மடங்கு அழகாக விழுவேனா?

முகம் அதேதானே, தம்பி?

அந்த 108இல் பெரும்பாலான நேரம் ஒன்பது ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் உங்களிடம் தருகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளிவாக வருவதற்கு உள்ளே இருக்கும் சென்சாரின் அளவும் மென்பொருளும் முக்கியம்; இரண்டுமே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்காது. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். மேஜைக்கு அடியில் நீட்டி ஒரு படம், நடந்துபோகிற விற்பனையாளரை ஒரு படம் எடுங்கள். இரண்டாவதில் அவருக்கு மூன்று கை இருந்தால் அடுத்த போனைக் காட்டச் சொல்லுங்கள்.

வியாபாரி, ஈரோடு:
20 வருட நம்பர். அதை மாற்றாமல் கம்பெனி மாற வேண்டும். பழைய கம்பெனிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

கோபமா? அத்தனை வருடம் நலம் விசாரிக்காதவர் நீங்கள் மாறுகிற மூன்று நாளும் விழுந்து விழுந்து கவனிப்பார். சலுகை, தள்ளுபடி, "சார் ஏன் சார் போறீங்க" எல்லாம் வரும். சலுகை உண்மையிலேயே நன்றாக இருந்தால் இருந்துவிடலாம், தப்பில்லை. சிக்னல் இல்லாத கம்பெனியின் சலுகையை மட்டும் வாங்காதீர்கள்.

ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். நம் பக்கத்தில் அதற்கு நான்கு நாள்தான் உயிர். அதற்குள் ஆதாரோடு புதிய கம்பெனியின் கடைக்குப் போங்கள். அந்தக் குறியீட்டைக் கடைக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள். போனில் கூப்பிட்டுக் கேட்கிறவர் திருடர். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த விதி, உங்கள் எண்ணை வேறொருவன் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும். பழைய எண்ணிலிருக்கும் பேலன்ஸ் கூட வராது, ரீசார்ஜ் தீரப்போகிற நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். மாறுகிற அன்று சிறிது நேரம் இரண்டு சிம்மும் செத்துக் கிடக்கும். அன்றைக்கு வங்கி ஓ.டி.பி. தேவைப்படும் வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த உரிமை நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20இல். அதன் அருமை தமிழ்நாட்டுக்குப் புரிந்தது 2018 பிப்ரவரியில், ஏர்செல் சரிந்தபோது. இந்த மண்ணில் தொடங்கிய கம்பெனி. வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம் இருந்தது. டவர்கள் அணைந்த பிறகு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவே சிக்னல் இல்லாமல் ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். கப்பல் சாய்கிறது என்று செய்தி வரும்போதே கிளம்பிவிடுங்கள்.

மென்பொருள் ஊழியர், சிறுசேரி:
நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்றால் நிஜமாகவே காஸ்ட் இல்லையா?

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, பிறகு அதையே வட்டியாகச் சேர்க்கிறார்கள். வலது பையிலிருந்து எடுத்து இடது பையில். வழியில் கொஞ்சம் சிந்தும்: பிராசஸிங் கட்டணம், கிரெடிட் கார்டு என்றால் வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணத்தையும் இப்பவே கொடுத்தா என்ன விலை?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். விற்பனையாளர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனால், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

விவசாயி, மன்னார்குடி:
எங்கள் ஊரில் 5ஜி வந்துவிட்டது. போனிலும் 5ஜி என்று காட்டுகிறது. வீட்டுக்குள் வந்தால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறதே?

2022 அக்டோபர் 1இல் 5ஜி நாட்டில் தொடங்கியது. வேகத்துக்காக அதிகம் பயன்படுத்துவது 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை. அதில் வேகம் உண்டு, தூரம் போகாது, கான்கிரீட் சுவர் என்றால் தயங்கி வாசலில் நின்றுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசை நெடுந்தூரம் வரும், சுவரையும் தாண்டும், வேகம் குறைவு. புதிதாக போன் வாங்கும்போது பெட்டியில் இந்த இரண்டு அலைவரிசைக்கும் உரிய என்78, என்28 பேண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இப்போதைக்கு, செட்டிங்ஸில் 5ஜியை அணைத்து 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். வீடியோ ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள், பேட்டரியும் மிஞ்சும். நெல் விலை பார்ப்பதற்கும் பேரன் முகம் பார்ப்பதற்கும் 4ஜி தாராளம். வீட்டில் வைஃபை இருந்தால் "வைஃபை காலிங்" என்ற பொத்தானைத் தட்டிவிடுங்கள். டவரே இல்லாத அறையிலும் சாதாரண அழைப்பு வரும், கூடுதல் கட்டணம் கிடையாது. இந்தப் பொத்தான் பல வீடுகளில் இருப்பதே தெரியாமல் அணைந்து கிடக்கிறது.

இல்லத்தரசி, மதுரை:
தாத்தா யார் போன் செய்தாலும் "சரி, வைக்கிறேன்" என்று அரை நிமிடத்தில் வைத்துவிடுகிறார். எங்கள் மேல் கோபமா?

உங்கள் மேல் இல்லை, பழைய கட்டணத்தின் மேல். 1995 ஜூலை 31இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டதுதான் இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. அந்தக் காலத்தில் கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. போன் மணி அடித்தால் நம்பரைப் பார்த்து கட் செய்துவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டவர்கள் உண்டு. உள்வரும் அழைப்பு இலவசமானது 2003இல். செய்தி தாத்தாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. நேரில் போய்ச் சொல்லுங்கள்.

புதுமாப்பிள்ளை, தென்காசி:
தண்ணீர் புகாத போன் என்று சொல்லித்தான் விற்றார்கள். குற்றாலத்தில் அருவியில் செல்ஃபி எடுத்தேன். செத்துவிட்டது.

ஐ.பி.68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. அந்த 8ஐ வாங்கியது ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில், பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்து. மெயினருவி அசையாத தண்ணீரா? தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி செல்லாது; அது விளம்பரத்தின் கீழே எறும்பு எழுத்தில் இருக்கும். கல்யாண ஆல்பம் வேறு போனில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்:
ஐபோனை ஶ்ரீபெரும்புதூரில்தான் செய்கிறார்கள். பஸ்ஸில் போகிற தூரம். விலை மட்டும் ஏன் அமெரிக்காவிலிருந்து வருவது மாதிரி இருக்கிறது?

அங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களைக் கோத்து முழுப் போனாக்குகிற வேலை. சிப், திரை, கேமரா என்று விலை அதிகமான பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. கோக்கிற கூலி மொத்த விலையில் சிறு பங்கு. இங்கே விற்கும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, 2020 ஏப்ரலுக்கு முன்பு 12ஆக இருந்தது. மிச்சம் இருப்பது ஆப்பிளின் லாபம், அதைப் பற்றி அவர்கள் நம்மிடம் கலந்து பேசுவதில்லை. அதே ஶ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் கதவை மூடியது. ஆயிரக்கணக்கில் வேலை போனது. ஆலை இருக்கிறவரைக்கும் சந்தோஷம் என்றே நான் நினைக்கிறேன், விலை அப்புறம்.

ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி:
பழைய போன், பாதி விலை. பில் இல்லை, பெட்டி இல்லை. வாங்கலாமா?

பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை, சொந்தக்காரரும் இல்லையோ என்னவோ. *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டு என்று முடக்கப்பட்டதா, போலி எண்ணா என்று தெரிந்துவிடும். விற்கிறவர் உங்கள் கண் முன்னால் தன் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, புது போன் மாதிரி திறந்து காட்டட்டும். "பாஸ்வேர்ட் மறந்துடுச்சுண்ணே" என்றால் வண்டியைக் கிளப்புங்கள். ஐ.எம்.இ.ஐ.யை மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

வாசகர், கரூர்:
போன் எத்தனை வருடம் உழைக்கும்?

அப்டேட் வருகிறவரை. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டு என்று கம்பெனிகளே வாக்குக் கொடுத்திருக்கின்றன. விலை குறைந்த போன்களில் இரண்டு, மூன்று ஆண்டோடு நின்றுவிடுவதும் உண்டு. கலர், கவர் எல்லாம் கேட்கிற நாம் இதைக் கேட்பதில்லை.

தந்தை, நாமக்கல்:
மகள் கோவையில் ஹாஸ்டலில் சேர்கிறாள். எந்த சிம் வாங்கித் தருவது?

சேர்க்கப் போகிற அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் நின்று சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே வீட்டுக்குப் பேசுகிற பிள்ளை எந்த சிம்மோ, அதை வாங்குங்கள். வராந்தா மூலையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளை எந்த சிம் என்றும் விசாரித்து வையுங்கள், அதன் ஏஜென்ட்தான் காலேஜ் வாசலில் குடை போட்டு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்.